வேனுக்குள் கூடு கட்டிய குளவி

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, ஆடி மாதம். திருமுருகன்பூண்டியில் சிலை செதுக்கும் பட்டறைகளை ஒட்டிய சாலையோரத்தில், காலை ஷிஃப்டுக்குப் போகிற வழியில் நடந்தது இது. அப்போது நான் நெருப்பெரிச்சல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தேன். தைத்து வருகிற பனியனை மேஜையில் விரித்துப்போட்டு ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டுப்போன இடம் எல்லாவற்றையும் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. எங்கள் கிராமம் அவிநாசிக்கு அந்தப் பக்கம். அங்கேயும் சுற்றியுள்ள ஊர்களிலும் இருந்து வருகிற பெண்களை ஏற்றிக்கொண்டு போகக் கம்பெனி ஒரு வேனைப் பேசி விட்டிருந்தது.

வேன் என்று ஒரு மரியாதைக்குத்தான் சொல்கிறேன். ரொம்பப் பழைய பெட்ரோல் வண்டி. யார் யாரிடமோ இருந்துவிட்டுக் கடைசியாக எங்கள் ஊர்க்காரர் ஒருவரிடம் வந்து சேர்ந்தது. அதன் பக்கத்துக் கதவைச் சாத்தும் வித்தை அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பன்னிரண்டு பேர் உட்கார வேண்டிய இடத்தில் நாங்கள் பதினெட்டுப் பேர் திணித்துக்கொண்டு உட்காருவோம். சீட்டு கிழிந்து ஸ்பாஞ்சு வெளியே தெரியும். உள்ளே எப்போதும் ஒரு பெட்ரோல் நாற்றம் இருக்கும்.

அவரேதான் டிரைவர். எனக்கு ஊர் முறையில் அண்ணன். தங்கமான மனிதர். ஒரு நாள்கூட எங்களில் ஒருத்தியை விட்டுவிட்டுப் போனதில்லை. தலை சீவிக்கொண்டே ஓடிவருகிறவளுக்காகக்கூட ஹாரன் அடித்துக்கொண்டு நிற்பார். இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டும் படித்துக்கொண்டிருந்தன. அந்த வேன் ஓடினால்தான் அவர் வீட்டில் அடுப்பெரியும். வேறு நிலம் நீச்சு எதுவும் கிடையாது.

அந்த வண்டிக்கு ஆனிக் கடைசியில் சீக்கு வந்தது. வீட்டிலிருந்து எடுக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். நாலைந்து ஊரில் ஆள் ஏற்றி மெயின் ரோட்டுக்கு வந்ததும் ஆரம்பிக்கும். முதலில் இழுவை குறையும். அடுத்து, நிறுத்திய இடத்தில் இன்ஜின் குளிர்ஜுரம் வந்தவன் மாதிரி நடுங்கும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போச்சு, ஒரு இருமல் இருமிவிட்டு அணைந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் எடுக்கும். இன்னும் கொஞ்ச தூரம் போய் மறுபடி நிற்கும்.

அண்ணன் பார்க்காத மெக்கானிக் இல்லை. ஒருவர் பிளக்கை மாற்றினார். இன்னொருவர் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். மூன்றாமவர் இக்னிஷன் காயில் போய்விட்டது என்றார். இதில் கொடுமை என்னவென்றால் பட்டறைக்குக் கொண்டுபோனால் அந்த வண்டி அத்தனை சமர்த்தாக ஓடும். நின்ற இடத்திலேயே விட்டாலும் நடுங்காமல் ஓடிக்கொண்டிருக்கும். "வண்டியில ஒண்ணும் இல்லீங்க, நீங்க ஓட்டறதுலதான் என்னமோ இருக்குது" என்று அண்ணனையே திருப்பிவிட்டார் ஒருவர். அன்றைக்கு அண்ணன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

வேனுக்குள் எங்கள் வைத்தியம் தனியாக நடந்துகொண்டிருந்தது. ஒருத்தி எலுமிச்சம்பழம் வாங்கிவந்து நாலு சக்கரத்துக்கும் வைத்தாள். ஓவர்லாக் மெஷினில் துணி ஓரம் அடிக்கிற அக்கா சர்ச்சிலிருந்து ஜெபித்த எண்ணெய் கொண்டுவந்து முன் கண்ணாடிக்குக் கீழே சிலுவை போட்டார். இன்னொருத்தி கற்பூரம் ஏற்றிச் சுற்றப்போக, "ஏனம்மணி, பெட்ரோல் வண்டிக்கு முன்னாடி நெருப்பைக் காட்டறயே, எல்லாரையும் ஒரேயடியா அனுப்பிப் போடலாம்னு இருக்கறயா?" என்று அண்ணன் தலையில் கை வைத்தார். கடைசியில் வேனின் நெற்றியில் விபூதி, குங்குமம், சிலுவை மூன்றும் இருந்தன. அப்படியும் அது நின்றது.

இந்தக் கூட்டத்தில் மூலை சீட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். தெற்கே திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமான கையோடு புருஷனும் பெண்டாட்டியுமாக வேலை தேடி வந்தவர்கள். இவள் எங்கள் கம்பெனியில் டெய்லர். புதிதாக வந்தவளுக்குக் கடைசி வரிசையில் மூலை சீட்டுதான் கிடைக்கும், அதில்தான் உட்காருவாள். வந்த புதிதில் தினமும் வாந்தி. மடியில் ஒரு நீலப் பாலிதீன் கவரை விரித்துப் பிடித்துக்கொண்டே வருவாள். புதுப்பெண் வாந்தி எடுத்தால் நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? "என்ன கண்ணு, விசேஷமா?" என்று தினமும் யாராவது கேட்பார்கள். அவள் இல்லை என்று தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். கேட்கிறவர்கள் பிரியமாகத்தான் கேட்டார்கள். ஆனால் அந்தப் பிரியமே அவளைக் கொன்றுகொண்டிருந்தது என்று எங்களுக்கு உறைக்கவில்லை. பிறகு ஒரு நாள் வாந்தி நின்றுவிட்டது. வண்டி பழகிவிட்டது போல என்று நினைத்து நாங்களும் அதை மறந்துவிட்டோம். அந்த நீலக் கவரை மட்டும் அவள் விடவில்லை, ஒரு தைரியத்துக்கு மடித்துக் கையிலேயே வைத்திருப்பாள்.

கம்பெனியில் அது ஷிப்மென்ட் நேரம். பதினெட்டுப் பேர் தாமதமானால் ஒரு தையல் லைனே படுத்துவிடும். மேனேஜர் கேட்டுக்கு வெளியே வந்து நின்று, எங்கள் எல்லார் முன்னாலும் அண்ணனிடம் சொன்னார். "இந்த வாரத்துல இன்னொரு நாள் லேட்டாச்சுன்னா திங்கக்கிழமையிலிருந்து வேற வண்டி வரும். தப்பா நினைச்சுக்காதீங்க." அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் வண்டியில் உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் திரும்பும்போது வேனில் ஒரு பாட்டுகூடக் கேட்கவில்லை.

மறுநாள் காலைதான் திருமுருகன்பூண்டியில் வந்து நின்றது.

நிற்கிற இடமா அது? கம்பெனிக்கு இன்னும் பாதித் தூரம் இருந்தது. அண்ணன் சாவியைத் திருகினார். கர் கர் என்று செல்ஃப் சத்தம் வந்ததே ஒழிய இன்ஜின் எடுக்கவில்லை. நாங்கள் எல்லோரும் இறங்கினோம். ஆடிக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. இரண்டு பக்கமும் சிலைப் பட்டறைகளில் உளிச் சத்தம். அண்ணன் மறுபடி திருகினார், மறுபடி.   எங்களுக்குப் போனால் அரை நாள் சம்பளம் போகும். அவருக்குப் பிழைப்பே போகப்போகிறது.

பட்டறை முன்னால் ஒரு லாரி நின்றிருந்தது. பெரிய பிள்ளையார் சிலையை ஏற்றுவதற்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் டிரைவர் மரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவர், பீடியைக் காலில் போட்டு அணைத்துவிட்டு எங்களிடம் வந்தார். நாற்பது வயது இருக்கும். கைலி, தலையில் கட்டிய துண்டு, எண்ணெய் படிந்த காக்கிச் சட்டை.

"ஏனுங்க, அந்த செல்ஃபை இன்னும் எத்தனை வாட்டி அடிப்பீங்க? பேட்டரியும் உக்காந்துக்கும். சித்த உடுங்க" என்றார்.

"பாக்காத மெக்கானிக் இல்லீங்க. அல்லாரும் பாத்தாச்சு" என்றார் எங்கள் அண்ணன். குரலில் எரிச்சலைவிடச் சோர்வுதான் அதிகம் இருந்தது.

லாரிக்காரர் முன் சீட்டைத் தூக்கி இன்ஜினைப் பார்ப்பார் என்று நினைத்தோம். பார்க்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, எப்போது நிற்கிறது, எவ்வளவு தூரம் ஓடி நிற்கிறது என்று கேட்க ஆரம்பித்தார். அவ்வளவுதான், பதினெட்டு வாயும் திறந்துகொண்டது. ஒருத்தி மேடு ஏறும்போது என்றாள், ஒருத்தி புளியமரத்தைத் தாண்டும்போது என்றாள், செவ்வாய்க்கிழமையில்தான் அதிகம் என்றாள் இன்னொருத்தி.

"ஒவ்வொருத்தரா சொல்லுங்க அம்மணி. எனக்குக் காது ரெண்டுதானுங்க இருக்குது" என்றார் அவர். அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டோம்.

மெக்கானிக் பட்டறையில் நன்றாக ஓடுகிறது, ரோட்டுக்கு வந்தால் ஓடமாட்டேன் என்கிறது என்று அண்ணன் விளக்கினார். பெட்ரோல் குறைந்துதான் நிற்கிறதோ என்ற பயத்தில் முந்தின நாள் சாயங்காலம் டேங்க் நிறைய அடித்ததையும் சொன்னார். "நெறைய அடிச்சும் பாத்துட்டேனுங்க. அதுக்கப்புறம் இன்னும் சீக்கிரமா நிக்குது. எனக்கு ஒண்ணும் புரியலீங்க."

அதுவரை தலையை ஆட்டிக்கொண்டிருந்த லாரிக்காரர் அந்த இடத்தில் நிமிர்ந்து பார்த்தார். "நெறைய அடிச்சா சீக்கிரமா நிக்குதா? நெசமாத்தான் சொல்றீங்களா?"

"ஆமாங்க."

அவர் நேராகப் பெட்ரோல் டேங்க் மூடி இருக்கும் பக்கம் போனார். பட்டறை ஆட்களைப் பார்த்து, "ஏனுங்க, ஒரு நிமிசம் உளியை நிறுத்துங்க" என்று குரல் கொடுத்தார். எங்களையும் பேசாமல் இருக்கச் சொல்லிச் சைகை காட்டினார். உளிச் சத்தம் நின்றது. மூடியை மெதுவாகத் திருகினார். உஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம், பெருமூச்சு விட்ட மாதிரி நீளமாக வந்தது. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

"இப்ப எடுங்க" என்றார்.

அண்ணன் சாவியைத் திருகினார். முதல் திருகலிலேயே எடுத்தது. காலை எடுத்தார். இன்ஜின் நடுங்கவில்லை, இருமவில்லை, தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் இறங்கி வந்து அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டார். எங்களில் இரண்டு பேர் கும்பிட்டேவிட்டார்கள்.

"இருங்க, இன்னும் முடியலீங்க" என்றார் லாரிக்காரர். பிறகு எங்களுக்கும் புரிகிற மாதிரி சொன்னார். "எண்ணெய் டின்னுல ஒரு பக்கம் மட்டும் ஓட்டை போட்டா எண்ணெய் ஊத்துமா? ஊத்தாது. அந்தப் பக்கம் காத்துக்கு இன்னொரு ஓட்டை போடறமல்லோ? அதே கதைதான் டேங்குக்கும். பெட்ரோல் போகப் போக உள்ள காத்துப் போகோணும். அது போற வழி எங்கயோ அடைச்சிருக்குது. அதான் கொஞ்ச தூரம் ஓடுனதும் பெட்ரோல் வராம நின்னுக்குது. டேங்கு நெறைஞ்சிருந்தா உள்ள காத்து கம்மி, இன்னும் வெரசா நிக்கும். மெக்கானிக் என்ன பண்ணுவாரு? மொதல்ல மூடியைத் தொறந்து பெட்ரோல் இருக்குதான்னு பாப்பாரு. தொறந்ததும் சரியாயிப் போச்சு. அப்பறம் எங்க கண்டுபிடிக்கறது?"

எல்லோரும் அட, ஆமாம் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என் பக்கத்தில் பொத்தென்று ஏதோ விழுந்தது. மூலை சீட்டுப் பெண்ணின் சாப்பாட்டுப் பை. அவள் அதைக் குனிந்து எடுக்கவில்லை. முகம் வெளுத்து, எண்ணெய் டின் கதை சொன்ன மனிதரையே பார்த்துக்கொண்டு நின்றாள். உடம்பு சரியில்லை போல என்று நினைத்து நான்தான் பையை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் அண்ணனுடைய சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனார். டேங்கிலிருந்து போகிற காற்றுக் குழாயைக் கையால் தடவிக்கொண்டே வந்து, "இது உள்ள ஏறுதுங்க. பின்னாடி மூலைக்குப் போகுது" என்றார். வெளியே வந்து வேனுக்குள் ஏறினார். மூலை சீட்டைத் தூக்கிப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்றார். பின்கதவுப் பக்கம் நின்றது நான்தான். ஏறித் தூக்கிப் பிடித்தேன்.

சீட்டுக்குப் பின்னால், தகடு பெயர்ந்த இடத்தில், கட்டைவிரல் தடிமனில் ஒரு கறுப்பு ரப்பர் குழாய் வாய் திறந்து நின்றது. வாய் திறந்து என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன், வாய் மூடித்தான் இருந்தது. மஞ்சள் பனியன் துணியைச் சுருட்டி உள்ளே திணித்து, மேலே நீலப் பாலிதீன் போட்டு, ஜட்டி இடுப்புக்கு வைக்கும் இலாஸ்டிக்கால் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. அத்தனை நறுவிசான கட்டு. அந்த மஞ்சள் அப்போது ஓடிக்கொண்டிருந்த ஆர்டரின் மஞ்சள்.

என் தொழில் அப்படிப்பட்டது. குறையைப் பார்த்த மாத்திரத்தில் இது யார் கை என்று மனசு தேட ஆரம்பித்துவிடும். ஒரு பனியனில் தையல் விட்டிருந்தால் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி, பனியன் கட்டில் இருக்கும் டெய்லர் நம்பரைப் பார்த்து, தைத்தவளை மேஜைக்கே கூப்பிடுவேன். அவளே பார்க்க வேண்டும், அவளே பிரித்துத் தைக்க வேண்டும், அதுதான் கம்பெனியில் முறை. இங்கே நம்பர் எதுவும் தேவைப்படவில்லை. அந்த மூலையில் உட்காருகிறவள் ஒருத்திதானே. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு மனிதனின் பிழைப்பு போக இருந்தது, இத்தனை மெக்கானிக்கிடம் அலைந்தார், இவள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று. அவள் பெயர் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

லாரிக்காரர் கட்டை அவிழ்த்துத் துணியை உருவினார். உள்ளங்கையில் வைத்து ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். அங்கே மற்ற பதினாறு பேரும் கூட்டமாக நின்றிருக்க, அவள் மட்டும் தள்ளி நின்றாள். கையில் அந்த நீலக் கவரைக் கசக்கிக்கொண்டே இருந்தாள். உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. தானே சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்திருக்கிறாள், வார்த்தை வரவில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அவர் அந்தக் கவரைப் பார்த்தார், கையிலிருந்த துணியைப் பார்த்தார், குழாயிலிருந்து குப்பென்று வந்த பெட்ரோல் நாற்றத்தை முகர்ந்தார். துணி, பாலிதீன், இலாஸ்டிக் மூன்றையும் சேர்த்துச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவர் என்னைப் பார்த்தபோதுதான் நானும் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரிந்தது. வெளியே கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

"குளவிங்க. குளவி மண்ணை வெச்சுக் கூடு கட்டிருச்சு. ஓட்டையே அடைஞ்சு போச்சு. என்னம்மணி, நீங்களும் பாத்தீங்கல்லோ?"

என் கையில் சீட்டு கனத்தது. ஒரு நொடிதான். ஆனால் அந்த நொடியில் அவர் கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்காக, முன்பின் தெரியாத என்னிடம்.

"ஆமாங்க. குளவிக் கூடுதான்" என்றேன்.

"எங்கீங்க, காட்டுங்க பாக்கலாம்" என்று அண்ணன் எட்டிப் பார்த்தார். "உதுந்து போச்சுங்க, வெறும் மண்ணுதானே" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிவிட்டார்.

அதோடு விட்டிருந்தாலும் பெரிய உபகாரம்தான். அவர் விடவில்லை. பட்டறைக்குள் போய், தண்ணீர் விட்டு மட்டம் பார்க்கிற பிளாஸ்டிக் குழாயில் ஒரு முழம் கேட்டு வாங்கிவந்தார். அதை அந்த ரப்பர் குழாயோடு சேர்த்து, தகட்டில் இருந்த ஒரு ஓட்டை வழியாக வண்டிக்கு வெளியே இழுத்துவிட்டு, கம்பி சுற்றிக் கட்டினார். கட்டிக்கொண்டே அண்ணனிடம், "ஆளு உக்கார்ற எடத்துல இந்த நாத்தம் வந்தா பொம்பளைங்களுக்குத் தலை சுத்தாதுங்களா? சோறுதண்ணி எறங்குமா? அதுங்களும் வாயத் தொறந்து சொல்லாதுங்க. இனி வெளிய போயிரும்" என்றார். அண்ணன் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார். எத்தனையோ மாதமாக அந்த நாற்றத்தில்தான் நாங்கள் எல்லோருமே போய்வந்தோம். எங்களில் யாருக்கும் அதை ஒரு குறையாகச் சொல்லத் தோன்றவே இல்லை. சிவனே என்று மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இதற்குள் குளவி விஷயம் வெளியே கூட்டத்தில் பரவி, வேறு மாதிரி ஆகிவிட்டது. எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. குளவி வீட்டில் கூடு கட்டினால் அந்த வீட்டில் குழந்தை பிறக்கும் என்பார்கள். ஓவர்லாக் அக்காதான் ஆரம்பித்தார். "ஏன் கண்ணு, உன்ற சீட்டுக்குப் பொறத்தாண்டதானே கூடு கட்டியிருக்குது? அப்ப இந்த வாட்டி விசேஷந்தான், போ!" எல்லோரும் கைகொட்டிச் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வெட்கத்தில் அழுகிறாள் என்று அவளைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தைக் கிள்ளினார்கள். எனக்கு மட்டும்தான் தெரியும் அது என்ன அழுகை என்று. லாரிக்காரருக்கும் தெரிந்திருக்கும், ஆனால் அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பட்டறையில் சங்கிலி மாட்டி முடித்து அவரைக் கூப்பிட்டார்கள். அண்ணன் டீயாவது குடித்துவிட்டுப் போகச் சொன்னார். "சாமியை ஏத்தோணுங்க, நேரமாச்சு. நீங்க வெரசா போங்க" என்று தலைத்துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்.

அன்றைக்கும் தாமதம்தான். கேட்டில் மேனேஜர் நின்றிருந்தார். அவர் கெட்டவர் இல்லை, ஷிப்மென்ட் நேரத்தில் யாருக்கும் கண்மண் தெரியாது. அண்ணன் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னார். மேனேஜர் நம்பவில்லை. "நேத்து காயிலு, இன்னைக்குக் குளவியா? நாளைக்கு என்னங்க, பாம்பா?" என்றார். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் முன்னால் போனேன். "சார், நான் கண்ணால பாத்தேனுங்க. சீட்டைத் தூக்கிப் பிடிச்சதே நான்தான். அடைப்பை எடுத்ததும் வண்டி ஒரு தடவைகூட நிக்கலீங்க. ஒரு வாரம் பாருங்க, அப்பறம் முடிவு பண்ணுங்க" என்றேன். அந்தக் கம்பெனியில் எனக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. ஊசி முனை ஓட்டையைக்கூட விடமாட்டேன், யாருக்காகவும் பொய் சொல்லமாட்டேன் என்று. அந்தக் கெட்ட பெயர் அன்றைக்கு உதவியது. மேனேஜர் என்னையும் வேனையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, நீங்க சொல்றீங்க. ஒரு வாரம் பாக்கறேன்" என்று உள்ளே போய்விட்டார். ஒரு வாரம் ஆயிற்று, ஒரு மாதம் ஆயிற்று. அந்த வேன் அதற்குப் பிறகு வழியில் நிற்கவே இல்லை.

அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் என் மேஜைக்கு வந்தாள். நான் அவளைக் கூப்பிடவில்லை.

"எக்கா, அந்த நாத்தம் எனக்குத் தாங்கலக்கா. தெனம் எல்லாரும் விசேஷமா விசேஷமான்னு கேட்டாவ. இல்லன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வண்டியில ஏறவே பயமா இருந்துச்சு. ஒருநா அந்தக் கொழாய்லயிருந்துதான் வருதுன்னு பாத்தேன். துணிய வச்சுக் கட்டிட்டேன். வண்டி நிக்கும்னு சத்தியமாத் தெரியாதுக்கா. அந்த அண்ணன் டின்னு கதை சொன்ன பொறவுதான் எனக்கே தெரிஞ்சுது. நான் நம்ம டிரைவரண்ணன்கிட்ட சொல்லிருதேன்."

 காலையில் நாக்கு நுனிக்கு வந்த பெயரை நினைத்துப் பார்த்தேன். அந்த ரோட்டோரத்தில், அத்தனை பேர் முன்னால் அது வெளியே வந்திருந்தால் இவள் மறுநாள் வேலைக்கு வந்திருப்பாளா? சந்தேகம்தான். புருஷனோடு மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கே போயிருப்பாள். "சொல்றதும் சொல்லாததும் உன்ற இஷ்டம் கண்ணு. மொதல்ல சாப்பிடு" என்றேன். என் டிபன் பாக்ஸிலிருந்து பொரியலை எடுத்து அவள் தட்டில் வைத்தேன்.

அவள் சொன்னாளா, அண்ணனாகவே ஊகித்துக்கொண்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறுநாள் காலை வேனில் ஏறும்போது அண்ணன் அவளைப் பார்த்து, "கண்ணு, நீ முன்னாடி வந்து ஜன்னலோரமா உக்காரு. காத்து வரும்" என்றார். அந்த இடத்தில் வழக்கமாக உட்காருகிற அக்கா மூக்கைச் சுளிக்காமல் நகர்ந்து கொடுத்தார். அதன் பிறகு அவளிடம் யாரும் விசேஷமா என்று கேட்கவும் இல்லை. குளவியே சொல்லிவிட்டது, இனி நாம் எதற்குக் கேட்பது என்று விட்டுவிட்டார்கள் போல.

அந்த லாரிக்காரரை மறுபடி நான் பார்க்கவே இல்லை. பூண்டி வழியாகப் போகும்போதெல்லாம் பட்டறை முன்னால் நிற்கிற லாரிகளைப் பார்ப்பேன். அவர் முகமே இப்போது சரியாக ஞாபகம் இல்லை. பெயர் கேட்காமல் விட்டுவிட்டோம், லாரி நம்பரையும் யாரும் பார்க்கவில்லை. வேன் நின்றதற்குக் காரணம் கண்டுபிடித்தது அவருடைய கெட்டிக்காரத்தனம், அதை இன்னொரு நல்ல மெக்கானிக்கும் என்றைக்காவது கண்டுபிடித்திருப்பார். ஆனால் கையில் துணியை வைத்துக்கொண்டு, இதை யார் செய்தது என்று கேட்பதற்குப் பதில், இதைச் செய்தவளுக்கு என்ன கஷ்டம் இருந்திருக்கும் என்று யோசித்தாரே, அதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

இன்றைக்கு வீட்டிலோ வேலையிலோ ஏதாவது கெட்டுப்போய், இது யார் செய்த வேலை என்று கேட்க வாயெடுக்கும்போதெல்லாம், எண்ணெய் படிந்த அந்தக் காக்கிச் சட்டைப் பைக்குள் ஒரு மஞ்சள் துணி போய் மறைவது என் கண்ணுக்குத் தெரிகிறது, நான் கேட்க வந்ததை விழுங்கிவிட்டு, "என்ன சாமி, என்ன கஷ்டம் உனக்கு?" என்று கேட்கிறேன்.